கல் உன் மார்க் ஷீட்டைக் கேட்காது

"இது எந்தச் சூழலில் படிந்த பாறை?"

வாத்தியார் கேட்டதும் முப்பது தலையும் ஒன்றாகக் குனிகின்றன. அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கு எந்தக் கல்லூரிப் பிள்ளைகள் ஃபீல்டு வந்தாலும் நடக்கிற காட்சிதான் இது. எதிரே மூன்றாள் உயரத்துக்கு வெட்டி நிறுத்திய பாறை முகம். கை வைத்த இடமெல்லாம் சிப்பி. ஆனால் பிள்ளைகளின் கண் அங்கே இல்லை. சீனியரிடம் வாங்கி வந்த ரெக்கார்டு நோட்டில் இருக்கிறது. அதில்தான் விடை ஏற்கெனவே எழுதியிருக்கிறதே! 'ஆழமற்ற கடல்.' இரண்டே வார்த்தை. அதை முணுமுணுத்தால் மார்க் விழுந்துவிடும், மதியத்துக்குள் பஸ் ஏறிவிடலாம்.

தம்பி, தங்கச்சி, உங்களைத்தான் கேட்கிறேன். அந்த இரண்டு வார்த்தையை முதன்முதலில் சொன்னவனுக்கு எந்தச் சீனியர் நோட்டுக் கொடுத்தார்? பொட்டல்காட்டில் நின்றுகொண்டு, கடல் கண்ணுக்கெட்டும் தூரத்தில்கூட இல்லாத ஊரில், "இங்கே கடல் இருந்தது, அதன் ஆழம் இவ்வளவுதான்" என்று சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அந்த நெஞ்சுரம் அவனோடு செத்துப்போய்விட்டதா? உனக்குள் இல்லையா? இருக்கிறது. நீ அதைப் பயன்படுத்தியதில்லை, அவ்வளவுதான்.

'எனக்கு இங்கிலீஷ் வராது', 'எங்கள் காலேஜில் நல்ல மைக்ரோஸ்கோப் இல்லை', 'ப்ளஸ் டூவில் மார்க் வரவில்லை என்றுதான் ஜியாலஜி எடுத்தேன்', 'வீட்டில் முதல் பட்டதாரி நான், எனக்கு யார் சொல்லித்தருவார்?' கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன வாசகங்கள். இவற்றில் ஒன்றுகூட அந்தப் பாறைக்குத் தெரியாது. கல் உன் மார்க் ஷீட்டைக் கேட்காது. கிட்டே வந்து பார்த்தாயா, தொட்டாயா, சொட்டு அமிலம் விட்டாயா, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸைக் கண்ணோடு ஒட்டிவைத்து உற்றுப் பார்த்தாயா என்பது மட்டும்தான் அதற்குக் கணக்கு.

1862-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை ஹென்றி பிளான்ஃபோர்டு என்பவரின் நூலை வெளியிட்டது. திருச்சி, தென்னார்க்காடு பகுதிகளின் கிரிடேசியஸ் பாறைகளைப் பற்றியது. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. வெயிலில் ஊர் ஊராக நடந்து அடுக்குகளை மூன்றாகப் பிரித்தார்: ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர். அந்தப் பிரிவுதான் இன்றும் பாடப்புத்தகத்தில் நிற்கிறது. அவருக்குப் பின்னால் மொராவியாவிலிருந்து ஃபெர்டினாண்டு ஸ்டாலிச்கா என்ற இளைஞர் வந்தார். வரும்போது வயது இருபத்துநான்கு. நம் ஊர்ச் சிப்பிகளையும் நத்தைகளையும் அம்மோனைட்டுகளையும் ஒவ்வொன்றாக விவரித்துத் தடித் தடியான தொகுதிகளாக எழுதி 1873-ல் முடித்தார். மறு வருடம் லடாக் மலைப்பாதையில் இறந்துபோனார். வெள்ளைக்காரர் எல்லாம் முடித்துவிட்டார் என்று சொல்ல இதைச் சொல்லவில்லை. முடியவில்லை, அவர்கள் தொடங்கித்தான் வைத்தார்கள். கிட்டத்தட்ட உன் வயதில் தொடங்கினார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

கடல் இங்கே எப்படி வந்தது என்ற கதை உனக்குத் தெரியும். இந்தியா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா எல்லாம் ஒட்டிக்கிடந்த கோண்ட்வானா பிளந்தது, பிளவில் கடல் புகுந்தது, நம் கிழக்குக் கரை பிறந்தது. அதன் பிறகு கிரிடேசியஸ் காலம் முழுக்கக் கடல் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தக் காலம் முடிந்தது. இந்த அளவு எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். ஆனால், உன் முன்னால் நிற்கும் இந்த ஒரு ஜாண் அடுக்கு அந்த நீண்ட கதையில் எந்தப் பக்கம்? அதை நீதான் சொல்லவேண்டும்.

சரி, இப்போது அந்த ஒரு ஜாணைக் கிட்டப் போய்ப் பார்.

மேலே களிமண், கீழே களிமண். நடுவில் மணற்கல். அதன் அடிப்பக்கம் மென்மையாக மாறவில்லை. கூராக, வெட்டுப்பட்டதுபோல் தொடங்குகிறது. அடியில் உடைந்த சிப்பியும் சிறு கற்களும் கூடிக்கிடக்கின்றன. அதற்கு மேல் மணல். மணலுக்குள் மெல்லிய கோடுகள் தாழ்வான மேடும் பள்ளமுமாக வளைந்து, சிறு சாய்வில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகின்றன. உச்சியில் சின்ன அலைவரிகள், இரண்டு பக்கமும் ஒரே சரிவோடு. அந்த வரிகளிலிருந்து கீழ்நோக்கி விரல் பருமனில் வளைகள் இறங்குகின்றன. பிறகு மறுபடி களிமண்.

என்ன நடந்திருக்கிறது, சொல். யோசி. நோட்டைப் பார்க்காதே.

அமைதியான கடலடி அது. நல்ல நாளில் அலை அங்கே தரையைத் தொடுவதில்லை, அதனால்தான் களிமண் மெல்லப் படிந்தது. அலையின் நீளத்தில் ஏறக்குறைய பாதி ஆழம் வரைதான் அதன் ஆட்டம் நீருக்குள் இறங்கும். அறுபது மீட்டர் நீளமுள்ள அலை முப்பது மீட்டருக்குக் கீழே மண்ணை அசைக்காது. ஆனால் ஒரு நாள் புயல் வந்தது. நீண்ட பெரிய அலைகள் அடிவரை கை நீட்டின. தரையைச் சுரண்டின, அதுதான் அந்தக் கூரான அடி எல்லை. கனமான சிப்பி முதலில் விழுந்தது. மணல் சுழன்று மேடுபள்ளமாக அடுக்கப்பட்டது. புயல் தளர்ந்தபோது சிறிய அலைகள் உச்சியில் வரி போட்டன. காற்று நின்றது. நண்டு இறால் வகையறாக்கள் திரும்பி வந்து புது மணலில் வளை தோண்டின. பிறகு நாளும் வருடமுமாகக் களிமண் மூடிக்கொண்டே போனது.

கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அடித்த ஒரே ஒரு புயல்! அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை, எச்சரிக்கைக் கூண்டு ஏற்றவில்லை. அது எப்போது வலுத்தது, எப்போது தளர்ந்தது என்று நீ இப்போது சொல்லிவிட்டாய். எதைக்கொண்டு? இரண்டு கண்ணையும் கொஞ்சம் தர்க்கத்தையும் கொண்டு. இதற்கு மேலும் 'எனக்கு ஒன்றும் தெரியாது சார்' என்று சொல்வாயா?

அந்த மேடுபள்ள அடுக்குக்கு இன்று வழங்கும் பெயர் வந்ததே 1975-ல்தான். அதற்கு முன்னும் உலகமெங்கும் பாறைகளில் அது கண்ணெதிரே இருந்தது. எத்தனையோ பேர் அதன் மேல் சுத்தியை வைத்துப் போட்டோ எடுத்திருப்பார்கள், மேலே உட்கார்ந்து மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டிருப்பார்கள். ஒருசிலர் விவரித்தும் வைத்தார்கள். 'இது புயலின் வேலை, இதற்குத் தனிப் பெயர் வேண்டும்' என்று அழுத்திச் சொல்லத்தான் அத்தனை காலம் ஆயிற்று. சிலபஸில் இல்லாதது பாறையிலும் இல்லை என்று எவன் சொன்னான்?

துணிந்து சொல் என்றேன். வாய்க்கு வந்ததைச் சொல் என்று சொல்லவில்லை. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் தன்னம்பிக்கை என்ற சொல்லே நம் ஊரில் சந்தைக் கூச்சலாகிவிட்டது. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கம் ஒரு குளத்தில் உருண்டை உருண்டையாகக் கற்கள் வெளிப்பட்டன. 'டைனோசர் முட்டை!' வாட்ஸ்அப் முழுக்க அதே பேச்சு. ஊரே திரண்டு போய் செல்ஃபி எடுத்தது. பிறகு துறை தெரிந்தவர்கள் போய்ப் பார்த்து, முட்டை அல்ல, அம்மோனைட்டோடு தொடர்புடைய கடல் படிவு உருண்டைகள் என்றார்கள். முட்டை என்று கத்தியவர்களுக்கும் நம்பிக்கை நிறையவே இருந்தது. இல்லாமல் போனது, குனிந்து ஒரு கல்லைப் புரட்டிப் பார்க்கும் பொறுமை.

ஆகவே சாட்சியைக் கேள். ஒரு சாட்சியை மட்டும் நம்பாதே, குறுக்கு விசாரணை செய். அலைவரி இருக்கிறதா? இருக்கட்டும், ஏரியிலும் அலை அடிக்கும். கடல்தான் என்று சொல்ல அதுமட்டும் போதாது. கடல்முள்ளெலி ஓட்டுத் துண்டு கிடைத்ததா? இப்போது பேசு, அந்த இனம் நன்னீரில் வாழ்ந்ததே இல்லை. அம்மோனைட் கிடைத்ததா? கடல் என்பது உறுதி, ஆனால் ஆழத்தை அதனிடம் கேட்காதே. செத்த பிறகு அதன் ஓடு காற்றறைகளோடு மிதந்து எங்கெங்கோ போய் ஒதுங்கும். வீட்டுப் பூஜையறையில் சாளக்கிராமம் வைத்திருக்கிறார்களே, கண்டகி நதியில் எடுக்கிற அந்தச் சுருள் கல்லும் அம்மோனைட்தான். இமயமலை இருக்கும் இடத்தில் கடல் இருந்தது என்று அது சொல்லும். எத்தனை மீட்டர் என்று சொல்லாது.

காரை கிராமத்து மழையரித்த களிமண் மேடுகளுக்குப் போ. வெயிலில் பளபளவென்று ஜிப்சம் சிதறிக்கிடக்கும். உடனே 'உப்பளம் போல வற்றிய கடல்' என்று எழுதத் தோன்றும். எழுதாதே! அது பிளவுகளில் ஓடுகிறதா, அடுக்கோடு அடுக்காகப் படுத்திருக்கிறதா என்று பார். அங்கே பெரும்பாலும் பிளவுகளில்தான் இருக்கிறது. கடல் போன பிறகு, வெகுகாலம் கழித்து, ஊறிய நீரில் விளைந்தது. அதே களிமண்ணில் கடல் உயிர்களான பெலம்னைட்டும் அம்மோனைட்டும் இருக்கின்றன. வற்றிய உப்பு நீரில் அவற்றுக்கு என்ன வேலை? இப்படிக் கேட்கத் தெரிந்தவனை எந்த வைவாவிலும் எவனும் மிரட்ட முடியாது.

சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் மரத்தைப் பார்த்திருப்பாய். பதினெட்டு மீட்டருக்கு மேல் நீளம். 1940-ல் அதை உலகத்துக்குக் காட்டியவர் எம். எஸ். கிருஷ்ணன். தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவர், பின்னாளில் புவியியல் ஆய்வுத் துறையின் இயக்குநர் நாற்காலியில் அமர்ந்த முதல் இந்தியர். சுற்றுலா வருகிறவர்கள் மரத்தைப் பார்த்ததும் 'இங்கே காடு இருந்திருக்கிறது' என்பார்கள். நீ மரத்தைப் பார்க்காதே, அது படுத்திருக்கும் பாறையைப் பார். அது கடல் படிவு. காட்டில் நின்ற மரம் அல்ல இது. ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து கடலில் விட்ட மரம். அப்படியானால் கரை தொலைவில் இல்லை, ஆறு ஒன்று அருகே கலந்தது. ஒரு மரத்தை வைத்துக் கரையின் திசையைத் தேடக் கிளம்புகிறாய், பார்த்தாயா? (மரத்தைச் சுரண்டி வீட்டுக்குத் துண்டு எடுத்துப் போகிறவர்களைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரையின் தொனியே கெட்டுவிடும். விடுகிறேன்.)

எல்லாவற்றிலும் நான் பெரிதும் மதிக்கிற சாட்சி வளைதான். சிப்பி உருளும், ஓடு மிதக்கும், மரம் அடித்துக்கொண்டு வரும். மணலுக்குள் தோண்டிய வளை மட்டும் நகராது. தோண்டிய உயிர் அங்கேதான் வாழ்ந்தது. அடால்ஃப் சைலாகர் என்ற ஜெர்மானியர் 1960-களில் இதை ஒரு முறையாகவே கட்டிக் கொடுத்தார். அலை புரட்டும் மணலில் வாழ்கிற பிராணி ஒளிய வேண்டும், அதனால் நேர் கீழே தோண்டும். அமைதியான அடியில் இரை சேற்றில் பரவிக்கிடக்கும், அதனால் படுக்கைவாட்டில் மேய்ந்துகொண்டு போகும். நம் கடற்கரை நண்டு வளைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இதை யார் சொல்லிக்கொடுக்க வேண்டும்? நாகப்பட்டினத்திலோ தொண்டியிலோ பிறந்தவன் என்றால், நீ பாதி சைலாகர். உன் அப்பா மீன்பிடிக்கப் போகும்போது நீ கரையில் பார்த்து வைத்ததெல்லாம் படிப்பு இல்லை என்று உனக்குள் புகுத்தியவர்களை முதலில் தூக்கி எறி.

சிப்பியையும் ஒதுக்கிவிடாதே. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் கிரைஃபியா என்ற சிப்பி குவிந்து கிடக்கிறது. கீழ் ஓடு தடித்து வளைந்த கிண்ணம், மேல் ஓடு தட்டை மூடி. உயிரோடு இருந்தபோது கிண்ணம் கீழேயும் மூடி மேலேயுமாகச் சேற்றின் மேல் அமர்ந்திருந்தது. இரண்டு ஓடும் சேர்ந்து அப்படியே கிடந்தால், இருந்த இடத்திலேயே மூடப்பட்டது என்று எழுது. ஓடுகள் பிரிந்து கிண்ணங்கள் கவிழ்ந்து கிடந்தால் நீரோட்டம் புரட்டியது. மல்லாந்த கிண்ணத்தின் அடியில் நீர் புகுந்து கவிழ்த்துவிடும், கவிழ்ந்ததன் மேல் நீர் வழுக்கிப் போய்விடும். ஒரு சதுர மீட்டரில் எத்தனை கவிழ்ந்தவை, எத்தனை மல்லாந்தவை என்று எண்ணு. சாக்பீஸ் போதும், லேப் வேண்டாம்.

கல்லக்குடி என்றால் நமக்கு 1953-ஆம் ஆண்டுப் பெயர்ப் போராட்டம்தான் நினைவுக்கு வரும். அந்த ஊர்ச் சுரங்கத்தில் பவளமும் கடற்பாசியும் சேர்ந்து கட்டிய சுண்ணாம்புக்கல் இருக்கிறது. வெதுவெதுப்பான, வெளிச்சம் இறங்கும் ஆழத்துக் கடல். அதில் எந்தப் பகுதி இருந்த இடத்திலேயே வளர்ந்த திட்டு, எது உடைந்து சரிந்து வந்த துண்டம் என்று இன்றும் வாதம் ஓய்ந்தபாடில்லை. பெரிய பெரிய படிப்புப் படித்தவர்களே இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். அவர்கள் பேசலாம், நீ மட்டும் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டுமா? துண்டத்தின் விளிம்பைப் பார். பவளம் எந்தத் திசையில் வளர்ந்திருக்கிறது என்று பார். எல்லாம் மேல் நோக்கி இருக்கிறதா, கண்டபடி சாய்ந்தும் தலைகீழாகவும் கிடக்கிறதா? பார்த்துவிட்டு ஒரு கட்சியில் சேர்.

சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே! இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹென்றி க்ளிஃப்டன் சார்பி என்று ஒருவர். எந்தப் பல்கலைக்கழகத்திலும் படித்தவர் அல்லர், எந்தக் கல்லூரியிலும் வேலை பார்த்தவரும் அல்லர். பாறையைக் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். மலையை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறானாம் என்று கேலி செய்தார்கள். அவர் தேய்த்துக்கொண்டே இருந்தார். ஓடும் நீரில் மணல் எப்படி வரி போடுகிறது என்று சோதித்து, அதை வைத்துப் பழைய பாறையின் நீரோட்டத்தைச் சொன்னார். கேலி செய்த உலகம் லண்டன் புவியியல் சங்கத்தின் தலைவராக அவரை உட்கார வைத்தது. இன்று உலகத்தில் எந்த மூலையில் பாறையின் மென்வெட்டைப் பார்த்தாலும் அது சார்பி போட்ட பாதை. 'அவருக்குக் குடும்பச் சொத்து இருந்தது, சம்பளத்துக்கு அலைய வேண்டியதில்லை' என்பாய். உண்மைதான், இருந்தது. உனக்கு இல்லை. ஆனால் அவரைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கும் சொத்து இருந்தது, அதை மறந்துவிடாதே.

இந்தப் படிப்புக்குச் சோறு உண்டா என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கத்தான் செய்வார்கள், அவர்களைக் கோபிக்காதே. அரியலூரில் வெளியே தெரிகிற இதே காவிரிப் படுகை கிழக்கே டெல்டாவுக்கு அடியில் ஆழமாக இறங்குகிறது. நரிமணம் வட்டாரத்தில் ஓஎன்ஜிசி எண்ணெய் எடுப்பது அந்தப் படுகையில்தான். கிணற்றிலிருந்து கைப்பிடிப் பருமன் உருளையாக வரும் பாறையைப் பார்த்து 'இது கரை மணல், இது தொலைகடல் களிமண்' என்று சொல்லத் தெரிந்தவர் அங்கே வேண்டும். கரையிலிருந்து கடலுக்குள் போகப் போக மணல் குறைந்து களிமண் ஆகிறது. கடல் ஏறும்போது அந்த வரிசை அப்படியே நிலத்தை நோக்கி நகர்ந்து ஒன்றன் மேல் ஒன்றாகப் படிகிறது. பக்கத்தில் இருந்தவைதான் மேலும் கீழுமாக அடுக்கப்படுகின்றன என்று யோஹானஸ் வால்தர் 1894-ல் எழுதி வைத்த விதி இது. இடையில் அரிப்பு இல்லாத அடுக்குக்கு மட்டும்தான் இது பொருந்தும் என்பதைச் சேர்த்துப் படி. அந்த நிபந்தனையை விட்டுவிட்டுத்தான் பாதிப் பேர் உளறுகிறார்கள். உருளை வரிசையில் மேலே போகப் போகக் களிமண் கூடினால் கடல் ஏறிக்கொண்டிருந்தது. அரிப்புத் தடம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு அதைச் சொல். மேலதிகாரி முகம் சுளித்தாலும் சொல்.

தவறாகப் போனால்? போகட்டும். ஆதாரத்தோடு சொன்ன தவறான முடிவை இன்னொருவர் வந்து திருத்த முடியும், அதனால் அறிவு ஓர் அடி நகரும். சொல்லாமல் விழுங்கிய முடிவை யாராலும் திருத்த முடியாது. கண்டதை ஒரு பக்கம் எழுது, அதிலிருந்து நினைத்ததை எதிர்ப்பக்கம் எழுது, இரண்டையும் கலக்காதே. சந்தேகம் இருந்தால் சந்தேகம் என்றே எழுது. அது கோழைத்தனம் ஆகாது. நன்றாகத் தெரிந்தும் 'இருக்கலாம் போலத் தோன்றுகிறது' என்று மழுப்புவதுதான் கோழைத்தனம்.

இன்னொன்று, அவசரமும் இருக்கிறது. சுரங்க முகம் யாருக்காகவும் காத்திருக்காது. வெடி வைக்கிறார்கள், டிப்பரில் ஏற்றுகிறார்கள். உன் புயலும் அலைவரியும் நண்டு வளையும் அரைபட்டுச் சூளையில் ஏறக்குறைய 1,450 டிகிரியில் வெந்து சிமெண்டு மூட்டையாகிப் போகின்றன. நான் சிமெண்டுக்கு எதிரி அல்லன், நீயும் நானும் சிமெண்டு வீட்டில்தான் குடியிருக்கிறோம். ஆனால் போன அடுக்கு போனதுதான், மறுபடி யாரும் அதைப் படிக்க முடியாது. இந்த மாதம் தெரியும் முகத்தை இந்த மாதமே படிக்க வேண்டும். சுரங்க ஆபீஸில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கு. ஹெல்மெட் போடு, வெடி நேரம் கேட்டுக்கொள், தொங்கும் பாறைக்குக் கீழே நிற்காதே. அடியிலிருந்து தொடங்கி மேல்வரை டேப் பிடித்து அள. ஒவ்வொரு அடுக்குக்கும் எதிரே அது எங்கே படிந்தது என்று உன் முடிவை எழுது. பென்சிலை வீட்டில் வைத்துவிட்டுப் பேனா எடுத்துப் போ.